வளைவு வரை பின்னால் வருபவர்

மூஞ்சிக்கல்லில் இருந்த கிபாயத்துல்லாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. லாரி, பிக்கப், டிராக்டர் என்று எதில் விளக்கு எரியாவிட்டாலும் ‘லைட்டு பாய் கடை எங்கே’ என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். பள்ளங்கிப் பக்கத்து டிராக்டர்களுக்கும் அவற்றின் பின்னால் மாட்டும் டிரெய்லர்களுக்கும் பெரும்பாலும் அவர்தான் வயர் இழுத்திருந்தார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வண்டியை அப்படியே அனுப்பிவிட மாட்டார். எல்லா விளக்கையும் போடச் சொல்லிவிட்டு, தன் பழைய மொபெட்டில் டிரெய்லருக்குப் பின்னாலேயே முதல் வளைவு வரை போவார். வண்டி திரும்பும்போதும் விளக்கு அணையாமல் இருந்தால் ஒருமுறை ஹாரன் அடிப்பார். ‘போகலாம்’ என்று அர்த்தம். அணைந்தால் வண்டி மறுபடி கடைக்கு வர வேண்டும். ஓட்டுநர்கள் சலித்துக்கொள்வார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு மறுவீட்டுக்கும் கூடவே வருகிற மாமனார் மாதிரி என்று கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே மொபெட்டை மிதிப்பார்.

மகள் ஆஃப்ரா மின்பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில், வண்டிகளுக்கான வயர்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். அத்தாவும் மகளும் போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுக்கொண்டதே இல்லை. இன்றைக்கு ஒரு வண்டியில் இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கியது, கல்யாண வீடு மாதிரி இருந்தது என்பார் அவர். எர்த் விட்டிருக்கும் என்பாள் இவள். விட்டுத்தான் இருந்தது என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். இதெல்லாம் ஒரு பேச்சா என்பாள் அம்மா பதுருன்னிசா. அவர்களுக்கு அதுதான் பேச்சு.

கார்த்திகையில் ஒரு நாள் பிற்பகல் பள்ளங்கியில் ஒரு வேலையை முடித்துவிட்டு மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தார் கிபாயத்துல்லா. மூடுபனி இறங்கியிருந்தது. அவருக்கு முன்னால் பள்ளங்கி விவசாயி முத்துராஜ் கேரட் ஏற்றிய டிரெய்லரை டிராக்டரில் இழுத்துக்கொண்டு போனார். எதிரே பஸ் வந்ததால் வளைவிலேயே வண்டியை நிறுத்தி வழி விட்டார். கிபாயத்துல்லா டிரெய்லரின் பின்பக்கத்தில் போய் மோதினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பின்னால் வந்த ஜீப் ஓட்டுநர், டிரெய்லரில் சிவப்பு விளக்கே எரியவில்லை என்றார். தான் விளக்குப் போட்டிருந்ததாக முத்துராஜ் அடித்துச் சொன்னார். மறுநாள் டிரெய்லரைச் சமதரையில் நிறுத்திச் சோதித்தபோது எல்லா விளக்கும் எரிந்தன. ஊர்ப் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. பாய்க்குக் கண் மங்கிவிட்டது, எரிகிற விளக்கைப் பார்க்காமல் போய் மோதினார் என்றார்கள் சிலர். அந்த டிரெய்லருக்கு வயர் இழுத்ததே அவர்தானே, தன் கைவேலையே அவரைக் கொண்டுபோய்விட்டது என்றார்கள் மற்றவர்கள். எப்படிப் பார்த்தாலும் தப்பு அவருடையதாகவே முடிந்தது. கடையை இப்போது நடத்தும் அவருடைய தம்பி சஃபீரிடம் வராமல், வண்டிகள் வத்தலக்குண்டுக்குப் போய் வேலை பார்த்துக்கொள்ள ஆரம்பித்தன.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்தது. ஆஃப்ரா சென்னைக்குக் கிளம்பவில்லை. மல்டிமீட்டரைப் பையில் எடுத்து வைத்தாள்.

“தெரிஞ்சு என்ன செய்யப் போற? போனவக வரவா போறாக?” என்றாள் அம்மா.

“தெரியணும்மா” என்றாள் ஆஃப்ரா. அத்தாவின் வேலையிலேயே தப்பு இருந்தால் என்ன செய்வது என்பதை அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

விபத்து நடந்த நாளிலிருந்து முத்துராஜ் அந்த டிரெய்லரைத் தொடவில்லை. வீட்டுக்கு மேலே பூண்டுக் காட்டின் ஓரத்தில் அது தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஆஃப்ராவைக் கண்டதும் எழுந்து நின்றார். அவருடைய மனைவி மகாதேவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். வந்த சோலியை ஆஃப்ரா சொன்னாள். அவர் தார்ப்பாயை உருவினார்.

டிரெய்லர் ஆயுத பூஜைக்கு அடித்த பெயிண்டில் பளபளத்தது. நீலச் சட்டம், மஞ்சள் பட்டை, பின்கதவில் தாமரைப்பூ. பூவின் ஒரு இதழ் மட்டும் நசுங்கியிருந்தது. ஆஃப்ரா அதைப் பார்க்காமல் முன்பக்கம் போனாள்.

டிராக்டரைக் கொண்டுவந்து மாட்டினார்கள். நேராக நிற்கும்போது எல்லா விளக்கும் எரிந்தன. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வளைவில் நிற்பதுபோல் வண்டியைக் கோணலாக நிறுத்தச் சொன்னாள். முத்துராஜ் நிறுத்தினார். பின்விளக்கு இரண்டும் அணைந்தன. அவர் இறங்கி வந்து பார்த்தார். ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது.

“அன்னைக்கும் போட்டுத்தேன் இருந்தேன், ஆத்தா” என்றார்.

“தெரியுது மாமா.”

விளக்குக்கு மின்சாரம் போகிற வழி நன்றாக இருந்தது. சாக்கெட்டிலிருந்து கடைசி பல்பு வரை அத்தா கட்டிய முடிச்சுகள் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை. மிச்சம் இருந்தது எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வருகிற வழி. பல பேர் அதற்குத் தனி வயர் போட மாட்டார்கள். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கிற இரும்பு முளை வழியாக வந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். முளையில் கிரீஸ் அப்பியிருக்கும். வண்டி கோணலாக நிற்கும்போது தொடுப்பு விட்டுப்போகும். அத்தா அதை நம்பாமல் எப்போதும் தனியாக ஒரு பச்சை வயர் இழுத்து, டிரெய்லர் சட்டத்தை வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டி, போல்ட் போட்டு முடுக்குவார்.

பச்சை வயர் இங்கேயும் இருந்தது. போல்ட்டும் இறுக்கமாகவே இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். வயருக்கும் சட்டத்துக்கும் தொடர்பே இல்லை. ஸ்பேனர் வாங்கிப் போல்ட்டைக் கழற்றினாள். வயர் நுனிக்கு அடியில் வெள்ளை இரும்பு இல்லை. கெட்டியான நீலப் பெயிண்ட் இருந்தது. போல்ட் போகிற துளையின் மரையிலும் பெயிண்ட். அவ்வளவு நாளும் விளக்கு எரிந்தது முளையின் தயவில்தான்.

“இத யாரு கழட்டுனது?”

மகாதேவிதான் சொன்னாள். சொல்வது இன்னதென்று தெரியாமல், பெருமையாகவே சொன்னாள்.

“இவுகதேன். பாயி கைபட்ட வயரு, அதுல பெயிண்டு சிந்திரக் கூடாதுன்னு கழட்டித் துணியில சுத்தி வச்சுட்டுல்ல அடிச்சாக. காஞ்ச பெறகு முன்ன இருந்த மாதிரியே மாட்டுனாக.”

ஆஃப்ரா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். துணியில் சுற்றி வைத்த அந்த வயரை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. பூஜைக்கு முன்னால் இந்த மலையில் பெயிண்ட் அடிக்காத டிரெய்லர் கிடையாது. மற்றவர்கள் வயரோடு சேர்த்து மேலேயே பூசிவிடுவார்கள். அப்படிப் பூசினால் போல்ட்டுக்கு அடியில் ஒன்றும் ஆகாது. பத்திரமாகக் கழற்றி வைத்தவர் ஒருவர்தான்.

“அத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியா, மாமா?”

“விளக்கெல்லாம் நல்லா எரிஞ்சுச்சு. சும்மா போயி அவரு சோலியக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.” பிறகு, போல்ட்டையே பார்த்தபடி கேட்டார். “இதுனாலதானா?”

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அவர் நம்பிவிடுவார். ஆஃப்ராவுக்கு அத்தாவிடம் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தப் பேச்சில் ஒருநாளும் ஒருவருக்கொருவர் பொய் சொன்னதில்லை.

“ஆமா மாமா. இதுனாலதேன்.”

அவர் டிரெய்லரின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மகாதேவி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். ஆஃப்ரா உப்புத்தாளை எடுத்து நீலப் பெயிண்டைத் தேய்த்தாள். இரும்பு தெரிந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு துளையின் மரையையும் சுரண்டி, போல்ட்டை முடுக்கினாள். வண்டி கோணலாக நிற்கும்போதே விளக்குகள் எரிந்தன. அத்தாவின் வேலையில் தப்பில்லை. கண்ணிலும் தப்பில்லை. இதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தாள். தெரிந்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை.

ஊராரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் தயங்கிக்கொண்டிருக்கும்போதே மறுநாள் முத்துராஜ் டிரெய்லரோடு மூஞ்சிக்கல்லுக்கு வந்தார். கடைக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்த ஓட்டுநர்களிடம் தானே போய்ச் சொன்னார். பாய் வேலையில் குற்றமில்லை, பெயிண்ட் அடிக்கிறேன் என்று எர்த்தை அடைத்தவன் நான்தான் என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. ஒருவர் தன் டம்ளரை வைத்துவிட்டுத் தன் டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்த்தார். இன்னொருவர் சஃபீரைக் கூப்பிட்டார்.

முத்துராஜ் கடை வாசலுக்கு வந்து, உள்ளே ஏறாமல் நின்றார். பதுருன்னிசா வெளியே வந்தாள். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பனி எறங்குது. விளக்கப் போட்டு வெரசாப் போய்ச் சேருங்க” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

முத்துராஜ் வண்டியை எடுத்தார். ஆஃப்ரா சஃபீரின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். முதல் வளைவில் டிராக்டர் திரும்பியது, டிரெய்லர் திரும்பியது. நசுங்கிய தாமரைக்கு இரண்டு பக்கமும் சிவப்பு விளக்குகள் எரிந்தபடியே திரும்பின. அவள் ஸ்கூட்டரை நிறுத்தினாள். டிரெய்லரும் சற்றுத் தள்ளி நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. முத்துராஜ் ஹாரனுக்காகக் காத்திருந்தார்.

அடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.