எட்டு எழுத்துக்குப் பிறகு

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுறா. பிழை இருந்தால் என்ரை பிழை, எழுத்து வடிவாய் இருந்தால் அவவின்ரை.

இறக்கக்கண்டியிலை கரைவலை இழுத்த ஆள் நான். வலது கை முறிஞ்ச பிறகு கயிறு பிடிக்க ஏலாமல் போச்சு. அதுக்குப் பிறகுதான் துறைமுகத்தடியிலை கப்பல் கணக்குப் பாக்கிற ஒரு கந்தோருக்குத் தேத்தண்ணி ஊத்த வந்தனான். அங்கை ஒரு பெரிய கொம்பியூட்டர் இருந்தது. பெரிசெண்டால், எங்கடை வீட்டு அலுமாரி நாலைச் சேர்த்து வைச்ச மாதிரி. அதுக்கெண்டே ஒரு குளிர் அறை. சித்திரை வெயிலிலை நாங்கள் அவிஞ்சுகொண்டு நிக்க, அது மட்டும் சுகமாய் இருக்கும். எந்தக் கப்பல் எப்ப வந்தது, என்ன இறக்கினது, எல்லாம் அதுக்குள்ளைதான். நான் கண்ணாடிக் கதவோடை நிப்பன். தேத்தண்ணியோடை உள்ளை போகக் கூடாது.

அதைப் பாக்கிற ஒப்பரேற்றர் ஐயா வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போறவர். கலியாணம் கட்டாதவர். அந்த மிசினுக்குக் கன பேரிட்டைச் சின்னத் திறப்பு இருந்தது. திறப்பெண்டால் இரும்புச் சாவி இல்லை, ஒரு சொல்லு. எல்லாத்தையும் திறக்கிற பெரிய சொல்லு அவரிட்டை மட்டும்தான். காலமை வந்து முதல் வேலையாய் அதைத் தட்டுவார். டக் டக் எண்டு கேக்கும். தேத்தண்ணி ஆறும் மட்டும் நிண்டு அந்தத் தட்டை எண்ணிறது எனக்கொரு பழக்கம். பன்னிரண்டு, பதின்மூண்டு வரும்.

மான் கதையைச் சொல்லாமல் விட்டால் மிச்சம் விளங்காது. திருகோணமலை ரவுணிலை மான் எல்லாம் மாடு மாதிரித்தான் திரியும். வெளியூர்ச் சனம் படம் பிடிக்கும், எங்களுக்கு அதுகள் தொல்லை. ஒருநாள் ஐயா பெரிய சொல்லை மாத்திப்போட்டு, மறந்துபோகும் எண்டு ஒரு துண்டிலை எழுதிச் சாப்பாட்டுப் பார்சலுக்குள்ளை செருகி வைச்சவர். பார்சல் யன்னலடியிலை இருந்தது. ஒரு மான் தலையை விட்டு, புட்டு, கறி, துண்டு, சுத்தின பேப்பர் எல்லாத்தையும் திண்டுபோட்டுது. பெரிய சொல்லு மானின்ரை வயித்துக்கை. மிசினைச் சரிக்கட்ட மனுசன் ரெண்டு நாள் பட்ட பாடு.

அதுக்குப் பிறகு புதுச் சொல் ஒண்டு வைச்சார். காலமை வெளிக்கிட்டுப் போன ஆள் பின்னேரம் வீட்டை வருமோ எண்டு தெரியாத காலம் அது. என்னைக் கூப்பிட்டுக் காதுக்கை சொன்னார்.

"உமக்கு எழுதத் தெரியாது. அதாலை மான் தின்னாத இடம் நீர்தான். நான் கேட்டால் மட்டும் சொல்லும்."

சொல்லிப்போட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சார். அந்தச் சொல்லைக் கேட்ட உடனை சிரிப்பு ஏனெண்டு எனக்கு விளங்கிச்சுது. நான் ஒண்டும் கேக்கேல்லை.

பிறகு அவர் கனடாவுக்குப் போனார். அங்கையே முடிஞ்சும் போனார். ஒருக்காலும் அவர் கேக்கேல்லை. நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, மனுசிக்குக் கூட. படிச்ச ஒரு மனுசன் என்னை நம்பித் தந்தது அது ஒண்டுதான். வேறை என்னத்தை நான் காத்தனான்?

இந்த வருசம் அந்த மிசினை நிப்பாட்டி, உள்ளதை எல்லாம் புதுசுக்கு மாத்தப்போறம் எண்டு கந்தோர்ப் பொறுப்பாளர் வீட்டை வந்தார். இவ்வளவு நாளும் சின்னச் சொல்லுகளாலை ஓடினதாம், எல்லாத்தையும் எடுக்கப் பெரிய சொல்லு வேணுமாம். எனக்குத் தெரியும் எண்டு பழைய ஆக்கள் ஆரோ சொல்லியிருக்கினம். ஒப்பரேற்றர் ஐயா கேட்டால்தான் சொல்லலாம் எண்டு சொன்னன்.

"அவர் செத்துப்போனாரே ஐயா. நான் மேலை போய்க் கேட்டுக்கொண்டு வரட்டோ?"

"போயிட்டு வாங்கோ, நான் இருக்கிறன்," எண்டன்.

மனுசன் சிரிச்சுப்போட்டு, கிண்ணியாவிலை இருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறா, இப்பிடிப் பூட்டுகளை உடைச்சுப் பாக்கிறதுதான் அவவின்ரை படிப்பு, நீங்கள் சொல்லாட்டிலும் எடுத்துப்போடுவா எண்டார். அவ எடுத்தால், இவ்வளவு காலம் நான் காத்தது என்ன? வெறும் காத்துத்தானே. அடுத்த நாள் காலமை பஸ் ஏறிப் போனனான், என்ரை கண்ணாலை பாக்க.

அந்தப் பிள்ளை எனக்குக் கதிரை இழுத்துப் போட்டா. ஐயாவின்ரை சொல்லு அந்த மிசினுக்குள்ளை எங்கை கிடக்கு எண்டு முதல் கேட்டன்.

"உள்ளுக்கு இல்லை ஐயா. சொல்லை அது வைச்சிருக்கிறதே இல்லை," எண்டா.

நான் ஆடிப்போனன். பிறகு அவ ஆறுதலாய்ச் சொல்ல, என்ரை மனுசி கறித்தூள் இடிக்கிற மாதிரி எண்டு விளங்கிச்சுது. சொல்லை மிசின் ஆளின்ரை பேரோடை சேர்த்து இடிச்சுத் தூளாக்கித் தூளை மட்டும்தான் வைக்கும். ரெண்டு பேர் ஒரே சொல்லை வைச்சாலும் தூள் வேறை. தூளிலை இருந்து திரும்ப மிளகாயை எடுக்க ஒருத்தராலும் ஏலாது. அடுத்த நாள் ஆள் வந்து சொல்லைத் தட்ட, திரும்ப இடிச்சு ரெண்டு தூளும் ஒண்டோ எண்டு பாக்கும். எவ்வளவு மூளை பாருங்கோ.

அப்ப எப்பிடி உடைப்பீங்கள் எண்டு கேட்டன். உடைக்கிறேல்லையாம். மேசையிலை ஒரு பெட்டி இருந்தது, அரிசி அவிக்கிற குக்கர் அளவு. பெடியள் கேம் விளையாடக் கொம்பியூட்டருக்குள்ளை போடுற கார்ட்தானாம் உள்ளை. உலகத்திலை உள்ள சொல்லெல்லாத்தையும் அது ஒவ்வொண்டாய் இடிச்சு, முந்தி மிசினைப் பிரதி எடுத்து வைச்சதிலை இருந்து எடுத்த தூளோடை ஒப்பிட்டுப் பாக்குமாம். பழைய மிசின் இங்கிலீசிலை சின்ன எழுத்து, பெரிய எழுத்து எண்டு பாக்காது, எல்லாம் பெரிய எழுத்துத்தான், அதுவும் எட்டே எட்டுத்தான். அதாலை சொல்லே இல்லாத எழுத்துச் சேர்க்கை எல்லாத்தையும் கூட ஒரு பகலுக்குள்ளை இடிச்சுப்போடுமாம். இப்ப வாற புது முறையிலை வேணுமெண்டே மெதுவாய் இடிக்குமாம், அதுக்கு முன்னாலை இந்தப் பெட்டியும் களைச்சுப்போகுமாம். எங்கடை கடற்கரை மண்ணை மணி மணியாய் எண்ணிற மாதிரி ஒரு வேலை, அந்தச் சின்னப் பெட்டி மூச்சு வாங்கிக்கொண்டு செய்யுது. நான் கும்பிடாத குறை.

எனக்குப் பால் விடாத பிளேன்ரி தந்தவை. பாதி குடிக்கேல்லை, பிள்ளை திரும்பினா.

"நிலாவெளி," எண்டா.

பொறுப்பாளர் தன்ரை துடையிலை தட்டிச் சிரிச்சார், இதுக்கோ இவ்வளவு காலம் எண்டு. பிள்ளை மிச்சத்தையும் சொல்லுவா எண்டு நான் பாத்துக்கொண்டு இருந்தன்.

"அவ்வளவுதானோ பிள்ளை?"

"ஓம் ஐயா. இங்கிலீசிலை எழுதினால் சரியா எட்டு எழுத்து."

அப்ப அவர் தட்டின மற்றத் தட்டுகள் எங்கை போனது எண்டு கேட்டன். எட்டுக்குப் பிறகு என்ன தட்டினாலும் இந்த மிசின் எடுக்காது, தூளாக்கவும் மாட்டுது, அப்பிடியே விட்டிடும் எண்டா. எந்தப் பெட்டி போட்டாலும் அது வராது. இல்லாததை எடுக்க ஏலாது.

நாள் நாளாய் அந்த மனுசன் தட்டின மிச்சம் மிசினிலை இல்லை, தூளிலை இல்லை, கனடாவிலை இல்லை. இந்தப் படிக்காத மண்டைக்கை மட்டும்தான் கிடக்கு.

பொறுப்பாளர் அங்காலை போன பிறகு பிள்ளை மெல்லமாய்க் கேட்டா.

"எட்டுக்குப் பிறகு என்ன ஐயா?"

"அது மிசினுக்குத் தேவையில்லாதது பிள்ளை."

அவ என்ரை முகத்தைப் பாத்தா. பிறகு தலையை ஆட்டிப்போட்டு இன்னொரு பிளேன்ரி கொண்டுவரச் சொன்னா.

எட்டுக்குப் பிறகு வாறது ஒரு பேர். நிலாவெளியிலை ஆரோ ஒருத்தர். அவ்வளவுதான் சொல்லலாம். என்ரை மகள் பேனையைப் பிடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருக்கிறா. பேனையை மூடு பிள்ளை.