சிங்கப்பூரிலிருந்து வீசிய துண்டு

கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் முழங்காலுக்கு இறங்கினால் மீன்பிடித் திருவிழா. கரையெல்லாம் சனம்; ஆளுக்கொரு ஊத்தா, அடியில்லாத மூங்கில் கூடை. அம்பலம், அதாவது ஊர்த்தலைவர், கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசவேண்டும். வீசிய பிறகுதான் யாரும் கால் நனைக்கலாம். துண்டு ஆண்களின் தோளில்தான் கிடக்கும், ஆகவே தலைமையும் அங்கேதான் கிடக்கும் என்பது எங்கள் ஊரின் ஆழ்ந்த தத்துவம்.

போன திருவிழா முடிந்து அம்பலம் இறந்த பிறகு, பட்டத்துக்குரிய மகன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்ட, இங்கே ஊரை ஓட்டியது அம்பலத்து வீட்டம்மாதான். மடைத் தண்ணீருக்காக மண்வெட்டி ஓங்கியவர்களின் நடுவே போய் நின்றார். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவனைத் தன் வாசலுக்கு வரவழைத்துத் தலைகுனிய வைத்தார். கண்மாயில் திருட்டு வலை போட்டவனிடம் வலையைப் பிடுங்கி, தன் அவரைப் பந்தலுக்குக் கட்டினார். வழக்கென்றால் ஆண்கள் அவரிடம் ஓடினார்கள். துண்டு மட்டும் வேறு விஷயமாம்.

இந்தக் கோடையில், "நானே வீசுறேன்" என்றார் வீட்டம்மா.

அவருடைய கொழுந்தன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "ஒங்கள மதிக்காமயா, மதினி? ஆனா பொம்பள துண்டு வீசுனா மீனெல்லாம் சேத்துக்குள்ள போயிருமுல்ல."

"அப்ப கொழம்பு வைக்கிறப்ப மட்டும் மேல வந்துருமாக்கும்?"

மீனுக்கே ஆண்பால் பெண்பால் தெரிந்த ஊர். முடிவில், மகன் வீடியோ காலில் வீசுவதென்று பெரியமனிதர்கள் தீர்மானித்தார்கள். போனைத் தூக்கிப் பிடிக்கும் பெரும்பேறு தாய்க்கு.

திருவிழாவன்று மகன் விடுதிக் கட்டில்மேல் ஏறி, பூப்போட்ட குளியல் துண்டோடு தயாராக நின்றானாம். வெயிலில் திரை கறுப்பாகத்தான் தெரிந்தது.

"ஆத்தா, கேக்குதா?"

"இருடா, சிக்னல் இல்ல" என்று வீட்டம்மா போனை உயரத் தூக்கி, இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டினார்.

அவ்வளவுதான். காலையிலிருந்து காய்ந்த கண்களுக்கு உயர்ந்த கை ஒன்று போதாதா? சனம் பாய்ந்தது. நானும் பாய்ந்தேன். சேறு, கூச்சல், ஊத்தாவுக்குள் துள்ளும் வெள்ளி. ஒரு மீனும் சேற்றுக்குள் போய் ஒளியவில்லை. சாஸ்திரம் அதுகளுக்குப் போய்ச் சேரவில்லை போலும்.

முதல் விரால் அம்பலத்துக்கு மரியாதை. கொழுந்தன் அதை இரு கையிலும் ஏந்தி வந்தார்.

"பிடிங்க மதினி. மகனுக்கு உள்ள மரியாதை."

வீட்டம்மா கை நீட்டவில்லை. "அவனுக்குன்னா சிங்கப்பூருக்கு அனுப்புங்க. எனக்குன்னா எனக்குன்னு சொல்லிக் குடுங்க. யாரு கையப் பாத்து எறங்குனீங்க?"

கரை முழுவதும் காதானது. விரால் வாயைத் திறந்து திறந்து மூடியது, கொழுந்தனும் அப்படியே.

"ஒங்க கையத்தான்" என்றார் கடைசியில், மீனைப் பார்த்து.

"மீனுக்குக் கேட்டுருச்சு. ஊருக்குச் சொல்லுங்க."

சொன்னார். அதன் பிறகே வீட்டம்மா கை நீட்டினார்.