கழுவி வைத்த காந்தக் குச்சி

மருந்து வேதியியலில் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, நம் தொழிலில் ஒரு வேதிவினை நடக்காவிட்டால் ஒரு நாள் தூக்கம்தான் போகும். ஏன் நடந்தது என்று தெரியாமல் நடந்துவிட்டால் வாரமே போச்சு.

மூட்டை யூரியா

நியூ ஜெர்சியில் ஒரு மருந்து கம்பெனி ஆய்வகத்தில் வேலை எனக்கு. எங்கள் புற்றுநோய் மருந்தின் நடுவில் ஒரு யூரியா பிணைப்பு உண்டு. பழைய முறையில் அதை உண்டாக்க ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு வேண்டும். நாங்கள் பல்லேடியம் என்ற உலோகத்தைத் துணைக்கு வைத்து, மூன்று வருஷம் போராடி, அந்த வாயு இல்லாமலே செய்துவிட்டோம்! பக்கத்து ஊரான எடிசனில் ஒரு பர்த்டே பார்ட்டியில் இதைத் தஞ்சாவூர் அங்கிள் ஒருவரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிம்மா, எங்க ஊர் சொசைட்டில மூட்டை மூட்டையா குடுக்கறானே, அதுக்கா மூணு வருஷம்?"

வெள்ளிக்கிழமை கெடு

பல்லேடியம் வேலை முடிந்தாலும் கிளம்பாத விருந்தாளி. மாத்திரையில் அளவுக்கு மேல் தங்கினால் அனுமதி கிடையாது. எப்படிச் சுத்தம் செய்தும் போகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மருந்தையே கைவிடப்போவதாக மேலாளர் டயான் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை, என்னுடன் வேலை செய்யும் கோயம்புத்தூர் கார்த்திக், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உலோகமே போடாமல் ஒரு வினை வைத்தார். ஒன்றும் வராது என்று தெரிந்தே வைத்தது. முடிவைப் பார்த்ததும் ஓடி வந்தார்: "அக்கா, மெட்டலே போடலீங்க, ஆனா ப்ராடக்ட் முழுசா வந்துருக்குதுங்க!"

அவசரக் குடுக்கை

குதித்தேன் பாருங்கள்! உலோகமே வேண்டாமென்றால் அதை நீக்கும் தொல்லை ஏது? நேரே டயான் அறைக்குப் போய்ச் சொல்லியும் விட்டேன்.

புதன்கிழமை மறுபடி செய்தால் துளிகூட வரவில்லை. மாறியது ஒன்றுதான். கரைசலைக் கலக்க உள்ளே போடும் விரல்நுனி அளவு காந்தக் குச்சி இந்த முறை புதுசு. முந்தையது நான் கழுவிக் கழுவி எடுத்து வைத்தது. மதுரையில் பிஎச்.டி. படித்தபோது வந்த பழக்கம். அங்கே குச்சியைத் தூக்கிப் போட்டால் கைடு நம்மைத் தூக்கிப் போடுவார். செவ்வாய்க்கிழமை போட்ட அந்தப் பழைய குச்சியின் வெள்ளைப் பூச்சில் லேசான கறுப்பு. பழைய பல்லேடியம் அங்கே குடியிருந்திருக்கிறது! கார்த்திக்குக் கோபம், ஆனால் மரியாதை போகாத கோபம்: "ஏனுங்கக்கா, இங்க புதுசு டப்பா டப்பாவா இருக்குதுங்களே, எதுக்குங்க இந்தச் சிக்கனம்?"

துளியூண்டு

டயானிடம் என்ன சொல்வது என்ற வெட்கத்தோடு வீட்டுக்கு டிரைவ் பண்ணிக்கொண்டிருந்தேன். ரூட் ஒன் சிக்னலில் சட்டென்று உறைத்தது. குச்சியில் ஒட்டிய தூசியே முழு வேலையையும் செய்ததென்றால், இத்தனை நாள் நாங்கள் அள்ளிக் கொட்டியது எதற்கு? பச்சை விழுந்தும் நகராமல் பின்னாலிருந்தவரிடம் ஹார்ன் வாங்கினேன்.

வியாழக்கிழமை புதுக் குச்சி போட்டு, பல்லேடியத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மட்டும் சேர்த்தோம். யூரியா முழுசாக வந்தது! மிச்சமிருந்த உலோகம் அனுமதித்த அளவுக்கும் கீழே! நான் போட்ட கூச்சலில் பக்கத்து லேப்காரர்கள் தீ விபத்தோ என்று ஓடி வந்தார்கள். வெள்ளிக்கிழமை மருந்தைத் தொடரக் கையெழுத்துப் போட்ட டயான், கார்த்திக்கிடம் சொன்னார்: "இவளுக்குப் புதுக் குச்சி ஒரு பெட்டி வாங்கிக் கொடு, அந்தப் பழசைப் பத்திரமா பூட்டி வை, அதுதான் இங்கே சீனியர் சயின்டிஸ்ட்."

நான் ஒழுங்காகக் கழுவியிருந்தால் ஒரு மருந்தே செத்திருக்கும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். பாத்திரம் கழுவுவதிலிருந்து மட்டும் விலக்குக் கிடைக்கவில்லை.