எழுபது வளைவுகளில் ஜீப் ஓட்டிய எங்கள் அக்கா

இந்த நினைவு மலருக்காக எழுத உட்கார்ந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். இரண்டு வரி எழுதினால் கால் தானாக வாசலுக்குப் போகிறது. அக்கா மறைந்து ஓராண்டு ஆகியும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. இதில் கோர்வை இல்லாமல் இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் அக்கா சேலை கட்டிய படம்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சட்டையோடு எடுத்த பழைய படத்தைப் போடச் சொல்லிப் பங்காளிகள் சிலர் பேசிப் பார்த்தார்கள். நான் கேட்கவில்லை. மனத்தாங்கல் உள்ளவர்கள் என்னிடம் நேரில் வந்து கேட்கட்டும்.

அக்கா மலைமேல் உள்ள வாழவந்தி நாட்டில் எங்கள் பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். ஆண் பிள்ளை என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும், வீட்டில் விழுந்த அடி தாங்காமல் மலையிறங்கிப் போனார். சேலத்தில் திருநங்கைகள் சிலர் அவரை மகளாக ஏற்றுக்கொண்டார்கள். அங்கே அவர் பட்ட பாட்டை எங்களிடம் விவரமாகச் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து சேலையும் ஓட்டுநர் உரிமமுமாகத் திரும்பி வந்தார். அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மாதான், "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டுத் தட்டு வைத்தார்.

அக்கா ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். முதலில் குச்சிக்கிழங்கும் மிளகு மூட்டையும் ஏற்றினார். பிறகு கர்ப்பிணிப் பெண்களை ஸ்கேனுக்கும் பிரசவத்துக்கும் கீழே அழைத்துப் போவதே அவர் வேலையாகிவிட்டது. ஆண் ஓட்டுநரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லவும் வலியைச் சொல்லவும் கூசிய பெண்கள், அக்காவின் ஜீப் வரும்வரை காத்திருந்தார்கள். மலையின் மற்ற ஊர்க்கூட்டங்களான தேவனூர் நாட்டிலிருந்தும் திருப்புலி நாட்டிலிருந்தும் போன் வரும்.

அந்த ஜீப்பின் உள்கூரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செய்தித்தாளில் வந்த படங்களை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையாக ஒட்டியிருப்பார். வளைவில் பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றும், குமட்டும். அதனால் அக்கா சொல்வார்: "கீழ பாக்காத கண்ணு, மேல பாரு. அந்தம்மா வக்கீலு, எங்கள மாதிரி திருநங்கைங்களுக்குக் கோர்ட்டுல நின்னு பேசுனவங்க. பக்கத்துல இருக்கறவங்க போலீசு. இந்த ரெண்டு பொம்பளைங்களும் ஒண்ணாக் குடும்பம் நடத்தி, ஊருக்கே பள்ளிக்கூடம் கட்டுனவங்க. இவரு வெளிநாட்டு விஞ்ஞானி, பக்கத்துல நிக்கறவருதான் அவரு ஊட்டுக்காரரு." மலையேறாத மனிதர்களின் கதையைக் கேட்டுக்கொண்டே எங்கள் பெண்கள் மலையிறங்கினார்கள். உங்கள் படம் எங்கே என்று ஒரு பெண் கேட்டதற்கு, "நான் என்னத்தப் பண்ணீட்டேன், வண்டிதான ஓட்டறேன்" என்றாராம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதற்காகத்தான் நான்கு முறை எழுந்தேன்.

என் திருமணத்தின்போது பெற்றோர் இருவரும் உயிரோடு இல்லை. பெண் பார்த்ததிலிருந்து பந்தல் போட்டது வரை எல்லாம் அக்காதான். மாப்பிள்ளை கட்டும் தாலியில் மூன்றாவது முடிச்சை உடன்பிறந்தவள் போட வேண்டும். அதற்கென்று அக்கா புதுச் சேலை எடுத்து வைத்திருந்தார். முந்தின நாள் நான் போய், "சித்தப்பா மக முடிச்சுப் போடட்டும், ஊரு ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசும்" என்றேன். அக்கா சற்று நேரம் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்தார். "சேரி சாமி. யாரு போட்டா என்ன, அவுறாம இருந்தாச் சேரி" என்றார். முகூர்த்த நேரத்தில் அவர் மேடையருகே இல்லை. பெண் வீட்டாரில் பிந்தி வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஏதோ ஒரு வளைவில் வந்துகொண்டிருந்தார். எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்று உட்கார முடியவில்லை.

என் மனைவி என்னைப் போல் இல்லை. வந்த நாளிலிருந்தே அவரை நங்கை என்று கூப்பிட்டாள். கணவனின் அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் மகள் பிறந்ததும் அக்காவின் ஜீப்பில் போய்த்தான்.

கடைசி ஆறு மாதம் அக்காவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. மருத்துவமனையில் செவிலியர் என்னிடம், "இவங்க உங்களுக்கு யாருங்க?" என்று கேட்டார். "எங்க அக்காங்க" என்றேன். வெளியாள் முன்னால் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிப் படுத்திருந்த அக்கா, "இன்னொருக்காச் சொல்லு சாமி, காது மந்தமாப் போச்சு" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சித்தப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, "பொறந்த ஊட்டுக் கோடி வேட்டியா, சேலையா?" என்றார். உடன்பிறந்தவன் நான்தான், உடலுக்குப் போர்த்தும் கோடித் துணி எதுவென்று நான்தான் சொல்ல வேண்டும். வாய் திறக்க எனக்கு நேரமாயிற்று. அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண், "ஏனுங்க, பொம்பளையா இருக்கப்போயித்தான அவங்கள நம்பி வயித்துப் புள்ளையோட வண்டி ஏறுனோம். இதுல என்னங்க கேள்வி?" என்றார். "சேலைதான். நானே போயி எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்தப் பெண்ணுக்கும், கைக்குழந்தைகளோடு வந்து நின்ற மற்ற பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. சேலத்திலிருந்து வந்து மகளுக்கு மாரடித்து அழுத அம்மாக்களுக்கும், இரவு பகல் பார்க்காத செவிலியர்களுக்கும், முகம் சுளித்தாலும் கடைசிவரை உடன் நடந்த சித்தப்பாவுக்கும் என் வணக்கம்.

செம்மேட்டு ஜவுளிக் கடைக்காரருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சாப்பிடப் போக இருந்தவர், விஷயம் கேட்டதும் திரும்பக் கடையைத் திறந்து சேலைகளை எடுத்துப் போட்டார். "அக்காவுக்கு என்ன கலருங்க பிடிக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதுவரை அக்காவுக்கு நான் ஒரு சேலைகூட எடுத்துக் கொடுத்ததில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, மனைவியைக் கேட்டுத்தான் சொன்னேன்.