யார் கடைசி?

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் கதை கட்டத் தெரிந்தவள் இல்லை, தராஸ் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சூப் காய்ச்சுகிறவள். அன்று என்னோடு இருந்த குல்யாஷ் அக்கா, என் கணவரின் அண்ணன் மனைவி, இன்றைக்கும் எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். அவளிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

கொரோனா வந்து இரண்டாவது குளிர்காலம். எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் என் தங்கைக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. நானும் அக்காவும் பார்க்கப் போனோம். போகும்போது ஒரே பரிசோதனையில் வேலை முடிந்தது. சொந்த வீட்டுக்குத் திரும்பி வருவதற்குத்தான் பட்ட பாடு.

முதல் முறை மூக்கில் குச்சி விட்டார்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை குடைந்தார்கள். நோய் இல்லை என்று காகிதமும் தந்தார்கள். எல்லைப் பாலத்துக்குப் போனால் அதிகாரி காகிதத்தையும் கடவுச்சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என் பெயர் ராபிகா. காகிதத்தில் ராபியா. ஓர் எழுத்து. "இது நீங்க இல்லையே" என்றார். பின்னே நான் யார் என்று கேட்டேன். அது என் வேலை இல்லை என்றார்.

இரண்டாம் முறை பெயர் சரியாக இருந்தது. பனிப்புயல் வந்து சாலையை மூடிவிட்டார்கள். சாலை திறந்தபோது காகிதத்தின் கெடு முடிந்திருந்தது. மூன்று நாளைக்கு மேல் அது செல்லாதாம். நோய் என்ன பாலா, மூன்று நாளில் திரிந்து போக என்று குல்யாஷ் அக்கா பாலத்தில் நின்று கத்தினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதில் இன்னொரு நெருக்கடி. என் மகள் பல்ஜானைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் விருந்து அந்த வாரக் கடைசியில். குதிரைக்கறி வாங்கியாகிவிட்டது. சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லியாகிவிட்டது. அவள் தினமும் போன் பண்ணினாள்.

"அம்மா, நீ வர்றியா, இல்ல உன் போட்டோவை நாற்காலில வெச்சு விருந்தை நடத்திடட்டுமா?"



பிறகு ஒரு டாக்சிக்காரன் வழி சொன்னான். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழைய மருத்துவமனை. அதன் பின்கட்டில் பரிசோதனை செய்கிறார்கள். மதியம் கொடுத்தால் சாயங்காலமே முடிவு, அங்கிருந்து பாலத்துக்கு நடந்தே போய்விடலாம். மறுநாளே போனோம்.

நீண்ட நடைவழி. சுவரோரமாகப் பலகை பெஞ்சுகள். சூடேற்றும் குழாய் ஜில்லென்று கிடந்தது. எல்லோர் வாயிலிருந்தும் புகை புகையாக மூச்சு. எங்கள் பக்கத்து ஆட்கள் வரிசையில் கால் கடுக்க நிற்பதில்லை. உள்ளே நுழைந்ததும் "யார் கடைசி?" என்று கேட்போம். யாராவது கை தூக்குவார்கள். அவருக்கு அடுத்தது நாம். அவ்வளவுதான்.

குல்யாஷ் அக்கா கேட்டாள்.

"நான்தான்."

கடைசி பெஞ்சில் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். பச்சைத் தலைத்துணி. தோளில் பனித்தூள். அவளைப் பார்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த பெஞ்சில் அவளைத் தவிர யாரும் இல்லை. மற்ற பெஞ்சுகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சரி, நோய்க்காலம், பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு லாரிக்காரர் உள்ளே வந்தார். யார் கடைசி என்றார். நான் கை தூக்குவதற்குள் அந்தக் குரல் வந்துவிட்டது.

"நான்தான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேர் வந்திருக்கிறோம், அவள் எப்படிக் கடைசி ஆவாள்? அடுத்து வந்த கிழவருக்கும் அவள்தான் பதில் சொன்னாள். அதற்கடுத்த ஆளுக்கும். வரிசையே குழம்பிப் போய், நாங்கள்தான் முன்னால் வந்தோம் என்று லாரிக்காரரோடு நான் சண்டை போட வேண்டியதாயிற்று.

அவள் முறை வந்தது. எழவில்லை.

"நீங்க போங்க," என்றாள்.

குச்சி விட்டுக்கொண்டு வந்து, முடிவுக்காக மறுபடி உட்கார்ந்தோம். எதிரே அவள். அக்கா பையிலிருந்து பவுர்சாக், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, எடுத்து எல்லோருக்கும் நீட்டினாள். அவளும் ஒன்று வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளிச்சம் குறைந்தது. ஒவ்வொருவராகக் காகிதம் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் நாங்கள் மூன்று பேர்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் தோளில் பனித்தூள் அப்படியே இருந்தது. எங்களுக்கு முன்னால் வந்தவள். எங்கள் மேல் இருந்தது எப்போதோ கரைந்து, காய்ந்தும் போயிருந்தது.

இன்னொன்று... அவள் வாயிலிருந்து புகை வரவில்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் போல என்றுதான் எனக்குத் தோன்றியது. எரிச்சலில் இருக்கிறவளுக்கு எதுவும் ஒழுங்காக உறைக்காது.

ஜன்னல் திறந்தது. நர்ஸ் எங்கள் காகிதங்களை நீட்டினாள். பெயர் சரி. தேதி சரி. நான் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண் எங்களுக்கு முன்னால் வந்தவள், அவளை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். நர்ஸ் பெஞ்சு பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"உங்க காகிதம் கிடைச்சிருச்சுல்ல? போயிருங்க."

திமிரைப் பார் என்று நினைத்தேன். குல்யாஷ் அக்காவுக்கோ தாங்கவில்லை. இத்தனை நாள் பட்ட ஆத்திரமெல்லாம் சேர்ந்து வந்தது. நேரே அந்தப் பெண்ணிடம் போனாள்.

"எந்த ஊரும்மா நீ?"

பாலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னாள். எங்கள் வழியில்தான். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அக்கா கேட்டாள்.

"அம்மா."

"இவங்க உன்னைக் கூப்பிட மாட்டாங்க. எங்ககூட வா. பாலத்துல நான் பேசிக்கிறேன்."

அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள். யாராவது இப்படிச் சொல்வார்களா என்று வெகுகாலம் காத்திருந்தவள் போல.

எழுந்தாள்.

நாங்கள் எழுந்தபோது பெஞ்சுப் பலகை கிறீச்சென்று கத்தியது. அவள் எழுந்தபோது சத்தமே இல்லை.

எங்கள் பின்னால் ஜன்னல் படாரென்று மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம்.

பாலத்தில் அதே அதிகாரி. ஓர் எழுத்து விடாமல் படித்தார். விளக்கில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் முத்திரை குத்தினார். அந்தப் பெண்ணுக்காகப் பேச அக்கா திரும்பினாள்.

பின்னால் அவள் இல்லை.

பாலத்தின் அந்தப் பக்கம், எங்கள் மண்ணில், விளக்குக் கம்பத்தின் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

அவளை எப்படி விட்டார்கள் என்று அக்கா முணுமுணுத்தாள். வேறு வழியில் விட்டிருப்பார்கள், நம்மைத்தான் அலைய வைப்பார்கள் என்றேன். அப்போதும் எனக்குக் கோபம்தான். பயம் இல்லை.

துர்சன் காரோடு காத்திருந்தான். அக்காவுக்குத் தெரிந்த டிரைவர். அக்கா முன்னால் ஏறினாள். பின் சீட்டில் நானும் அவளும்.

கார் கிளம்பியது. ஹீட்டர் முழுதாக ஓடியது. என் வலது பக்கம் சூடு. இடது பக்கம், அவள் பக்கம்... கிணற்றுக்குள் கை விட்ட மாதிரி.

துர்சன் வண்டியை நிறுத்தினான். இறங்கி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்து மூடினான். மறுபடி ஏறினான்.

"கதவு சரியாத்தான் இருக்கு. காத்து எங்கேருந்து வருதுன்னு தெரியல."

என் பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அக்காவின் கண்ணாடியிலும்.

அவள் கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது.

நான் ஓரமாக நகர்ந்தேன்.

இன்னும் கொஞ்சம்.

அவள் திரும்பவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதான்," என்றாள்.

துர்சன் நிறுத்தவில்லை. காதில் விழாதது போல ஓட்டினான். நான்தான் நிறுத்து, நிறுத்து என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

நின்றது.

கதவு திறந்ததைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை.

அவள் வெளியே இருந்தாள். கிராமத்துக்குத் திரும்பும் மண்பாதையில் நடந்தாள். கார் விளக்கு வெளிச்சத்தில் புதுப்பனி.

அதில்...

ஒரு தடமும் இல்லை.

அக்காவும் பார்த்தாள். அவள் கை பின்னால் நீண்டு என் முழங்காலைப் பிடித்தது. வீடு வரும்வரை விடவில்லை.

மகளின் விருந்து நடந்தது. நான் பரிமாறினேன், சிரித்தேன், அழுதேன். அதைப் பற்றி நானும் அக்காவும் ஒரு வார்த்தை பேசவில்லை.

துர்சனும் விருந்துக்கு வந்திருந்தான். தாமதமாக. தன் கிராமத்தில் ஓர் அடக்கம், அதனால்தான் தாமதம் என்றான். எந்த கிராமம் என்று அக்கா கேட்டாள். அந்தப் பெண் சொன்ன அதே பெயரைச் சொன்னான். அக்கா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

இறந்தது ஒரு வயதான அம்மா. அவருக்கு ஒரே மகள். பெயர் ஷினார். போன குளிர்காலத்தில் பிஷ்கெக்கிலிருந்து வீடு திரும்பப் பரிசோதனை கொடுத்துவிட்டு, பாலத்துப் பக்கம் ஒரு மருத்துவமனையில் முடிவுக்காக உட்கார்ந்திருந்தாளாம். பெஞ்சிலேயே உயிர் போய்விட்டது. தூங்குகிறாள் என்று நினைத்து, வருகிறவர்களும் போகிறவர்களும் அவளைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள். அதற்குள் எல்லையை மூடிவிட்டார்கள். உடலைக்கூட இந்தப் பக்கம் விடவில்லை. அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

அவள் எப்படி இருப்பாள் என்று அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

துர்சன்தான் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அக்கா, அன்னிக்கு எங்க ஊர்த் திருப்பத்துல எதுக்கு வண்டியை நிறுத்தச் சொன்னீங்க? நீங்க ரெண்டு பேரும் இறங்கவே இல்லையே?"

அந்த அம்மா எப்போது இறந்தார் என்று மட்டும் கேட்டேன்.

உங்களை இறக்கிவிட்ட அன்று இரவுதான் என்றான்.

பிறகு அவனே குரலைத் தாழ்த்திச் சொன்னான். அந்த அம்மாவுக்கு வாதம் வந்து இரண்டு கையும் விழுந்துவிட்டது. எழுந்து நடக்கவும் முடியாது. அதனால் அந்த வீட்டுக் கதவைத் தாழ் போடுவதே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து ஊட்டிவிட்டுப் போவார்கள். தலையில் மட்டும் யாரையும் கை வைக்க விட மாட்டார். மகள் போனதிலிருந்து சீப்பு படாமல் சடை பிடித்துக் கிடந்தது அந்த முடி.

மறுநாள் காலை பெண்கள் போனபோது கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. உடைத்துத்தான் திறந்தார்கள்.

அம்மா படுத்திருந்தார். முடியைக் கழுவி, நேர் வகிடு எடுத்து, இறுக்கமாக இரட்டைச் சடை பின்னியிருந்தது.

ஈரம்கூடக் காயவில்லையாம்.