ரியாஸ் பாயின் சிவந்த முகம்

சிங்கப்பூரில் டாக்சி ஓட்டும் ரியாஸுக்கு இனிப்பு என்றால் உயிர். உடம்புக்கோ அது ஆகவே ஆகாது, அதிலும் முந்திரி போட்ட இனிப்பு. ஹிஸ்டமின் என்று ஒன்று, உடம்பால் கரைக்க முடியாமல் உள்ளேயே தேங்கிவிடுகிறதாம், டாக்டர் சொன்னார். முந்திரி கேக் நாலு துண்டு உள்ளே போனால் முகம் சிவந்து, கண் கலங்கி, மண்டை விண்விண்ணென்று தெறிக்கும். அதற்காக விட்டுவிடுகிற ஆளா அவர்? சிராங்கூன் ரோட்டில் இனிப்புக்கடையைக் கண்டால் டாக்சி தானாக நிற்கும். "என் உடம்பு, என் நாக்கு. நடுவுல டாக்டர் யாரு?" என்பார். மனைவி ஆயிஷா தலையில் அடித்துக்கொள்வாள்.

போன மாதம் உட்லண்ட்ஸில் ஒரு கல்யாண விருந்து. முந்திரி கேக்கை வளைத்துக் கட்டிவிட்டு, சிவந்த முகத்தோடு நின்றவரைப் பார்த்து எந்தப் புண்ணியவானோ, "ரியாஸ் பாய் தண்ணி போட்டிருக்கார் லா" என்று கொளுத்திப் போட்டுவிட்டான். ஐந்து வேளை தொழுகிற மனிதர், ஒரு சொட்டு தொட்டதில்லை! அவர் மகள் அஃப்ரீனைத் தன் பையனுக்குக் கேட்டிருந்த ஹுசைன் காதுக்கும் அது போய்விட்டது. பையனை அஃப்ரீனுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

நிச்சயத்தன்று ரியாஸின் புக்கிட் மேரா வீட்டில் தட்டுகளைப் பரப்பிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் ஹுசைன் தொண்டையைக் கனைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க பாய். நீங்க குடிப்பீங்கன்னு நாலு பேர் பேசுறாங்க. ஒரு சத்தியம் பண்ணிட்டீங்கன்னா தேதி குறிச்சிரலாம்."

ரியாஸுக்குச் சுர்ரென்று ஏறியது. "சத்தியமா? எதுக்கு? இது நீங்க கொண்டு வந்த முந்திரி கேக்தானே?" தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு துண்டு துண்டாக விழுங்கினார். "டீ குடிங்க. ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது!"

"வேணாம் அத்தா!" என்று அஃப்ரீன் ஓடிவந்தாள். யார் கேட்டது?

டீ முடிந்தது, பேச்சும் முடிந்தது. மெல்லக் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது.

"பாத்துக்குங்க, நீங்க கேள்விப்பட்ட குடி இதுதான். சந்தேகம் இருந்தா வந்து மோந்து பாருங்க!"

கோபத்தில் சொன்ன பேச்சு. மானமுள்ளவன் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்திருப்பான். ஹுசைனோ எழுந்து வந்து, ரியாஸின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய், நிஜமாகவே முகர்ந்து பார்த்தார். மாப்பிள்ளைப் பையன் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சுத்தம் லா! தேதியைப் பேசிரலாம்" என்று சிரித்தார் ஹுசைன்.

அஃப்ரீன் அத்தாவின் மடியிலிருந்த தட்டை எடுத்து ஹுசைன் கையில் கொடுத்தாள்.

"எங்க அத்தா வாயை மோந்து பாத்த வீட்டுக்கு நான் வரல. எடுத்துக்கிட்டுப் போங்க."