சீரோடு வந்த ஜாடி

எனக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வாய்ப்பாடு மட்டும் மறக்கவில்லை. மகன் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லும்போது நானும் அடுப்படியில் இருந்தபடி மனசுக்குள் கூடவே சொல்லிப் பார்ப்பேன். அவன் ஒரு தடவையும் தப்பியதில்லை.

அப்போது நாங்கள் கீழப்பழுவூர் பக்கம் குடியிருந்தோம். வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் குழியில் வேலை பார்த்தார். மகனுக்குப் பதினைந்து வயது. அரியலூரில் பத்தாம் வகுப்பு. எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதுவரை யாரும் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியதில்லை. அந்தப் பயத்தில் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. இதை நான்தான் என் அண்ணனிடம் சொல்லி அழுதேன். அண்ணன் உடையார்பாளையத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார்.

அந்த வருடம் பொங்கல் சீரில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்போடு ஒரு பீங்கான் ஜாடியும் வந்தது. வாயைத் துணியால் கட்டி அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. மருமகனுக்கு மூளைக்கு நல்ல லேகியம், காலையில் வெறும் வயிற்றில் சுண்டைக்காய் அளவு கொடு என்று அண்ணன் சொன்னார். என் பிறந்த வீட்டுச் சீர் இரண்டு கரும்போடு முடிந்துவிடும் என்று வீட்டுக்காரர் வருடா வருடம் கேலி பேசுவார். அன்று அவரே ஜாடியைத் தூக்கிப் பார்த்து, பரவாயில்லையே என்றார். எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. பிறந்த வீட்டுச் சீரை எங்கள் பக்கத்தில் யாரும் முகர்ந்து பார்க்க மாட்டோம், என்ன ஏது என்று கேட்கவும் மாட்டோம். வாங்கி சாமி படத்தடியில் வைப்போம். நானும் அப்படித்தான் வைத்தேன்.

மறுநாளிலிருந்து என் கையாலேயே ஊட்டினேன். அவன் தூங்கினான். முகம் தெளிந்தது. ஆனால் படிக்கிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் ஏழு பதினாறு என்று சொல்லி நின்றுவிட்டான். மறுபடி முதலிலிருந்து வந்து அதே இடத்தில் நின்றான். நூற்றுப் பன்னிரண்டு என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் எடுத்துக் கொடுப்பதா என்று கூச்சப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

மாசியில் ஜாடி தீர்ந்தது. இரண்டாம் நாள் அவனுக்கு மூக்கு ஒழுகியது, கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது, கையெல்லாம் மயிர் சிலிர்த்து நின்றது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். மருந்தை நிறுத்தினதும் நோய் வருகிறதென்றால் அது எவ்வளவு நல்ல மருந்து என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். பஸ் ஏறி அண்ணன் கடைக்குப் போனேன். நான் சொன்னதையெல்லாம் தலை குனிந்து கேட்டார். இன்னொரு ஜாடி எடுத்துக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மகன் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டான்.

அதற்குப் பிறகு நான் ஊட்ட வேண்டிய தேவையே இல்லை. அவனே எடுத்துச் சாப்பிட்டான். தடுத்தால் என்னைப் பார்க்கிற பார்வை என் பிள்ளையின் பார்வையாக இல்லை. பங்குனியில் ஒரு காலை, ஜாடியை வழித்துத் தின்றுவிட்டு விழுந்து கிடந்தான். உலுக்கினாலும் கண் திறக்கவில்லை. வீட்டுக்காரர் குழிக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு மாட்டு வண்டியில் போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன சாப்பிட்டான் என்று கேட்பார்களே என்று ஜாடியையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் அதை முகர்ந்து பார்த்தார்.

"இதுல அபின் கலந்திருக்கும்மா. எத்தனை நாளா குடுக்குறீங்க?"

பொங்கலிலிருந்து என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"பெரியவங்களுக்கே இது ஆகாது. இந்த வயசுல மூளை இன்னும் முழுசா வளரலை. பால் பிடிக்கிற கதிர்ல பூச்சி உக்காந்து உறிஞ்சினா என்ன ஆகும்? வெளியில கதிர் மாதிரிதான் நிக்கும். உள்ள பதராயிடும்ல. பையனைப் பத்திரமா பாத்துக்குங்க. அது மறுபடி வா வான்னு கூப்புடும்."

வண்டி ஓட்டிவந்தவர் வாசலில் நின்று அபின் என்ற வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

மகன் கண் விழித்ததும் அங்கிருந்தே அண்ணனைத் தேடிப் போனேன். வாழ்க்கையில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியது அன்றைக்குத்தான்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களாண்ணே?"

"கடுகளவு தாயி. தூங்க மாட்டேங்குறான்னு நீதான அழுத."

"ரெண்டாவது ஜாடி?"

தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ வந்து அவன் படுறதைச் சொன்னப்பவே, அவனுக்குப் பழகிப்போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. சொன்னா என் மூஞ்சில முழிப்பியா? மச்சான்கிட்ட வாயத் தொறந்துறாத. அப்புறம் நம்ம வூட்டு ஆளுவ யாரும் உன் வாசப்படி மிதிக்க முடியாது."

என் பிள்ளையைவிட அவருக்குத் தன் முகம் பெரிது என்று அன்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டும் நான் செய்ததை இப்போது எழுதுகிறேன்.

மகன் வீட்டுக்கு வந்த அன்று வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். வண்டிக்காரர் தன் காதில் விழுந்ததை அவரிடம் சொல்லியிருந்தார். அபின் என்றதும் அவருக்குச் சீர் ஜாடி ஞாபகத்துக்கே வரவில்லை. எப்படி வரும்? குங்குமம் வைத்து வந்த ஜாடி அது.

"லாரி ஷெட்டுப் பயலுவளோட சேர்ந்துதான இதெல்லாம் கத்துக்கிட்டான்?" என்று என்னைக் கேட்டார்.

மகன் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டியதோடு சரி. அவர் இடுப்பு வாரை உருவினார். மகன் அழவில்லை, மாமா கொடுத்தது என்றும் சொல்லவில்லை. அடி விழும்போதெல்லாம் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜாடியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். காயவைத்து அதில் புளி அடைத்து வைத்தேன்.

பரீட்சை எழுதினான். கணக்கில் தேறவில்லை, மற்றதிலும் தேறவில்லை. அதன் பிறகு அவனே சைக்கிள் எடுத்துக்கொண்டு உடையார்பாளையம் போக ஆரம்பித்தான். அண்ணன் ஒருநாளும் இல்லை என்று சொல்லி அனுப்பவில்லை. அதை விட்டு வெளியே வர அவனுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. போன படிப்பு வரவில்லை. இன்றைக்கும் கடைக்குப் போய்விட்டு, என்ன வாங்க வந்தோம் என்று மறந்து திரும்பி வருவான்.

அந்தப் பரீட்சைக்கு அடுத்து வந்த பொங்கலுக்கும் அண்ணன் சீர் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் வாங்க மச்சான் என்று பாய் விரித்தார். பிள்ளை கெட்டுப்போய்விட்டான், நீங்களாவது நாலு புத்தி சொல்லுங்கள் என்று அவரிடமே முறையிட்டார். மாமா காலில் விழுந்து கும்பிடச் சொல்லி மகனைக் கூப்பிட்டார். அவன் விழுந்து எழுந்தான். அண்ணன் அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். மகன் பின்னாலேயே வந்தான். அலமாரியில் இருந்த புளி ஜாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இன்னைக்காவது நீ அப்பாகிட்ட சொல்லுவன்னு பாத்தேம்மா" என்றான்.

சொம்பை எடுத்துக்கொண்டு போய் அண்ணனுக்குக் கொடுத்தேன். அவர் கொண்டுவந்த வெல்லத்தைத் தட்டித்தான் அன்றைக்குப் பொங்கலில் போட்டேன்.